முதல்ல இட்லியை எடுங்க பாஸ்!

“அண்ணா, எனக்கு போட்டோகிராபின்னா உயிர். ஆனா கேமரா இல்ல. ஊர் சுத்தக் காசும் இல்ல. காலேஜ் விட்டா வீடு, வீடு விட்டா காலேஜ். நான் எப்படிக் கத்துக்கறது?”

செகண்ட் இயர் படிக்கிற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு, தன் போனில் எடுத்த படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினார். பஸ் ஜன்னல் வழியா ஒரு மலை, ஒரு சூரிய அஸ்தமனம், ஃப்ரெண்டோட பைக், இன்னொரு சூரிய அஸ்தமனம்... எல்லாமே சுமார் ரகம்தான். திடீர்னு நடுவில் ஒரு படம். சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்த நாலு எவர்சில்வர் டம்ளர்கள். பக்கத்து ஜன்னலில் இருந்து வெளிச்சம் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு டம்ளர் மேலேயும் ஒரு வெள்ளிக் கோடு. அவ்வளவு அழகு!

“இது சூப்பரா இருக்கே?”

“ஐயோ, அது கை தெரியாம பட்டு எடுத்ததுண்ணா. டெலீட் பண்ண மறந்துட்டேன்!”

பாருங்க கொடுமையை. மெனக்கெட்டு எடுத்த மலை டல்லா இருக்கு. கை தவறி எடுத்த டம்ளர் ஜொலிக்குது. அந்தத் தம்பிக்குச் சொன்ன பதில்தான் இந்த வாரம் உங்களுக்கும்.

ஆரம்பமே வீட்டு ஜன்னல்தான்!

கேமராவில் எடுக்கப்பட்டு இன்றைக்கும் மிஞ்சி இருக்கிற மிகப் பழைய போட்டோ எது தெரியுமா? ஈஃபிள் டவரோ, நயாகராவோ இல்லை. பிரான்ஸ் நாட்டில் நிசெஃபோர் நியெப்ஸ் என்ற மனிதர், தன் வீட்டு மாடி ஜன்னலில் இருந்து எடுத்த படம். 1826 அல்லது 1827-ம் வருஷம். அதில் இருப்பது என்ன? அவர் வீட்டைச் சேர்ந்த கட்டடங்கள், கூரைகள். அவ்வளவுதான். குறைந்தது எட்டு மணி நேரமாவது கேமராவை அசையாமல் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்ததாம். சூரியனே இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போய்விட்டதால், ரெண்டு பக்கச் சுவரிலும் வெயில் விழுந்திருக்கும்!

1835-ல் இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எடுத்து, இன்றும் இருக்கிற நெகட்டிவ் எது? அதுவும் அவர் வீட்டு ஜன்னல்தான். அளவு, கிட்டத்தட்ட ஒரு தபால் தலை.

ஆக, போட்டோகிராபியைக் கண்டுபிடிச்சவங்களே வீட்டை விட்டு வெளியே போகாமத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. நாம மட்டும் ஏன் கொடைக்கானல் பஸ்ஸுக்குக் காத்திருக்கணும்?

இதில் ஒரு லாஜிக் இருக்கு. மலைக்குப் போனால் ஒரு நாள்தான். மேகம் மூடிட்டா கதை முடிஞ்சது. படம் தப்பா வந்தா, திரும்பப் போய் எடுக்க முடியாது. ஏன் தப்பாச்சுன்னும் தெரியாது. ஆனா உங்க வீட்டு டம்ளர் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். இன்னிக்குச் சொதப்பினா, நாளைக்கு அதே நேரத்தில், அதே இடத்தில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி எடுத்துப் பார்க்கலாம். பிசிக்ஸ் லேப்ல செய்யறதும் இதுதானே? படிப்புன்னா திரும்பத் திரும்பச் செய்யறதுதான் பாஸ்.

எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் 1930-ல் ஒரு குடைமிளகாயைப் படமெடுத்தார். ஒரு தகரப் புனலுக்குள்ளே மிளகாயை உட்காரவைத்து எடுத்தது. பார்த்தால், யாரோ குனிந்து உட்கார்ந்திருக்கிற முதுகு மாதிரியே இருக்கும். உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தின் பெயர் ‘பெப்பர் நம்பர் 30’. பெயரைக் கவனிங்க. நம்பர் 1 இல்லை, நம்பர் 30! அத்தனை தடவை மிளகாயோட மல்லுக்கட்டியிருக்கிறார் மனிதர். அப்புறம் மாடல்களைச் சாப்பிட்டும் விட்டார்!

சரி, போனை எடுங்க. முதல் வேலை, லென்ஸைத் துடைங்க. பாதிப் பேரோட படம் மங்கலா வர்றதுக்குக் காரணம் கேமரா இல்லை, விரல் எண்ணெய்தான்.

பாடம் 1: எலுமிச்சம்பழம்

ஜன்னல் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம். ரூம் லைட்டை அணைச்சிடுங்க. ஃபிளாஷும் கூடாது.

முதலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னு எடுங்க. பழம் தட்டையா, மஞ்சள் பொட்டு மாதிரி வரும். அடுத்து, ஜன்னல் உங்க இடதுபக்கமோ வலதுபக்கமோ இருக்கிற மாதிரி நின்னு எடுங்க. பழத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். தோலில் இருக்கிற புள்ளிகூடத் தெரியும். உருண்டையா, கையில் எடுக்கலாம் போல இருக்கும். மூணாவதா, ஜன்னலைப் பார்த்து நின்னு எடுங்க. பழம் இருட்டாகி, ஓரத்தில் மட்டும் ஒளி வட்டம் வரும்.

பழம் அதேதான். நீங்க மட்டும்தான் நகர்ந்தீங்க! நிழல் ரொம்ப இருட்டா இருந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்துங்க. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலை இளக்கிவிடும். ஸ்டூடியோவில் காசு போட்டு வாங்கி வைக்கிற ரிஃப்ளெக்டர் செய்யற வேலையை, ஒரு சார்ட் பேப்பர் செஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘வடக்கு ஜன்னல்தான் பெஸ்ட்’னு போட்டிருக்கும். அங்கே வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமா விழாது. நம்ம ஊர்க் கதை வேற. சென்னையை எடுத்துக்கிட்டா, ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயிலே கொஞ்சம் வடக்கே இருந்துதான் வரும். அதனால் திசையைப் பார்க்காதீங்க. நேர் வெயில் விழாத ஜன்னலைப் பாருங்க. எல்லா ஜன்னலிலும் வெயில்தானா? அப்பாவோட பழைய வெள்ளை வேட்டியைத் திரையா கட்டுங்க. அதில் வடிகட்டி வர்ற வெளிச்சம் அவ்வளவு சாஃப்ட்!

பாடம் 2: இட்லி

ஆவி பறக்க மல்லிப்பூ மாதிரி இட்லி. வெள்ளைத் தட்டில் வெச்சு எடுத்தால், போட்டோவில் சாம்பல் கலரில் அழுக்கா இருக்கு. ஏன்?

உங்க கேமராவுக்கு இட்லி தெரியாது பாஸ். எதைக் காட்டினாலும், அது வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாம்பல் நிறத்தின் அளவுக்கு வெளிச்சம் இருக்கணும்னுதான் கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்க வெள்ளையைப் பார்த்ததும், ‘ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி’ன்னு பயந்து இருட்டாக்கிடும். இப்ப வர்ற போன்கள் கொஞ்சம் புத்திசாலிதான். ஆனாலும் பல நேரம் ஏமாறும். தோசைக்கல்லைக் காட்டினால் உல்ட்டா. ‘ரொம்ப இருட்டா இருக்கே’ன்னு வெளிச்சத்தை ஏத்தி, கறுப்பு தோசைக்கல்லை வெளுத்துப் போக வைக்கும்.

தீர்வு சிம்பிள். திரையில் இட்லி மேல விரலால் தொடுங்க. பக்கத்தில் ஒரு சூரியன் மாதிரி சின்னமோ, ஒரு கோடோ வரும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளினா வெளிச்சம் கூடும், இட்லி வெள்ளையாகும். தோசைக்கல்லுக்குக் கீழே இறக்குங்க. வெள்ளைக்கு ஏத்து, கறுப்புக்கு இறக்கு. கோலமாவு, வேட்டி, பால், பக்கத்து வீட்டுக் கறுப்புப் பூனை எல்லாத்துக்கும் இதே ஃபார்முலாதான்.

பாடம் 3: குழாயும் ஃபேனும்

உங்க போனில் ‘ப்ரோ’ மோடு இருக்கா பாருங்க. இல்லைன்னா, ஷட்டர் ஸ்பீடை நாமே மாத்த விடற இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கலாம்.

குழாயை லேசாத் திறந்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் ஷட்டரை 1/1000-ல் வெச்சு எடுங்க. தண்ணீர் துளித்துளியா, கண்ணாடி மணி மாதிரி உறைஞ்சு நிக்கும். அப்புறம் வெளிச்சம் குறைஞ்ச நேரத்தில், போனை எதிலாவது சாய்ச்சு அசையாம வெச்சு, 1/8-ல் எடுங்க. அதே தண்ணீர் பட்டு நூல் மாதிரி இறங்கும். ஓடற ஃபேனையும் இதே மாதிரி ரெண்டு விதமா எடுத்துப் பாருங்க. ஒண்ணில் இறக்கை நிக்கும். இன்னொண்ணில் சுத்தும்.

ஷட்டரைச் சட்டுனு மூடினால் உள்ளே வர்ற வெளிச்சம் குறையும், படம் இருட்டாகும். அதைச் சரிக்கட்ட ஐஎஸ்ஓ-வை ஏத்தணும். 100-ல் இருந்து 200-க்குப் போனால் வெளிச்சம் ரெண்டு மடங்கு. 400-க்குப் போனால் நாலு மடங்கு. ஆனா ஏத்த ஏத்த, படத்தில் ரவையைத் தூவின மாதிரி புள்ளிகள் வரும். ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணுல கை வைக்கணும். மாசக் கடைசி பட்ஜெட் மாதிரிதான்!

இன்னொரு விஷயம். சில எல்இடி பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் குறுக்கே கோடு கோடா வரும். பயந்து போனை சர்வீஸுக்குக் கொடுத்துடாதீங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த பல்பு செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வெச்சால் கோடு காணாமல் போயிடும்.

பாடம் 4: காபி

இதுவரைக்கும் படிச்சது எல்லாத்துக்கும் இதுதான் செமஸ்டர் எக்ஸாம். டபராவில் சூடா காபி. ஜன்னல், காபிக்குப் பின்னால் கொஞ்சம் ஓரமா இருக்கணும். காபிக்கு நேர் பின்னால் இருட்டான ஏதாவது இருக்கணும், திறந்து வெச்ச பீரோ கதவு, கறுப்பு ஸ்கூல் பேக், எதுவானாலும் சரி. ஆவி வெள்ளை. பின்னால் இருட்டு இருந்தால்தான் அது தெரியும். பின்பக்கம் இருந்து வெளிச்சம் பட்டால்தான் அது மின்னும். ஆவியைத் தேடி ஷட்டர், வெள்ளையைப் பார்த்து எக்ஸ்போஷர், ஓரத்தில் சார்ட் பேப்பர்... எல்லாம் ஒரே படத்தில்!

எடுக்கறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் ஒரு தடவை பாருங்க. டபரா அழகா இருக்கும். பின்னால் ஒரு மூலையில் அண்ணனோட பனியன் தொங்கிட்டிருக்கும்! ஜூம் பண்ணாதீங்க, ரெண்டு அடி முன்னால் நடங்க. ஆறிப்போன காபிக்கு அம்மாகிட்ட வாங்கற திட்டு, கோர்ஸ் ஃபீஸ்னு வெச்சுக்குங்க.

‘தினமும் ஒரே ஜன்னலா, போர் அடிக்காதா?’ன்னு கேட்கலாம். ஜோசப் சுடெக் என்ற செக் நாட்டுக்காரர் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோட பெரிய பெரிய கேமராக்களைத் தூக்கிட்டு அலைஞ்சவர். இரண்டாம் உலகப் போரில் பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தப்ப, வெளியே படமெடுப்பது பெரும்பாடு. தான் குடியிருந்த ஸ்டூடியோவின் ஜன்னலையே படமெடுக்க ஆரம்பிச்சார். பனி படிஞ்ச கண்ணாடி, மழைத்துளி, ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளரில் ஒரு பூ. 1940-ல் தொடங்கி 1954 வரைக்கும் எடுத்தார். 14 வருஷம், ஒரே ஜன்னல்!

இப்ப ஒரு கதை. என் கதை.

மேலே ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா? வீட்டில் இருக்கிற டம்ளர் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்னு. டம்ளருக்கு அது சரி.

2009-ல் முதல் சம்பளம் சேர்த்து ஒரு கேமரா வாங்கினேன். லீவு கிடைச்சா போதும், தோளில் மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். கொல்லிமலை, ராமேஸ்வரம், வால்பாறை. ஊருக்குப் போனாலும் தோட்டம், குளம்னு அலைவேன். எங்க அப்பாயி தினமும் காலையில் வாசல்படியில் உட்கார்ந்து, முறத்தில் முருங்கைக்கீரை ஆய்வாங்க. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்ட வெயில் திரும்பி, அவங்க முகத்தில் பக்கவாட்டில் விழும். இன்னிக்கு உங்களுக்குச் சார்ட் பேப்பர் பாடம் நடத்தறேனே, அதே வெளிச்சம்.

ஒருநாள் கொடிக்கயிற்றில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது. நான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு அதை எடுத்துட்டிருந்தேன். அப்பாயி கீரையை ஆய்ஞ்சுகிட்டே, “டேய், என்னையும் ஒண்ணு புடியேன்டா”ன்னாங்க.

“இப்ப லைட் சரியில்ல அப்பாயி. அப்புறம் எடுக்கறேன்.”

2011-ல் அப்பாயி போயிட்டாங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு போட்டோ வேணும்னு எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. வீட்டில் கேமராக்காரன் நான்தானே. ஹார்ட் டிஸ்கில் 4,000 படங்களுக்கு மேல இருந்தது. ராத்திரி பூரா தேடினேன். சூரியன், அருவி, பட்டாம்பூச்சி, ரயில் தண்டவாளம்... அப்பாயி இல்லை. கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவில் இருந்து அவங்க முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீல கலர் போட்டுக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். தோள் பக்கம் வேற யாரோட பட்டுப்புடவையோ கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. எங்க வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படம் இன்னிக்கும் அதுதான். அந்த விறைச்ச முகத்தை, கீரை ஆய்ஞ்ச அப்பாயின்னு எனக்கு இதுவரைக்கும் தோணினதே இல்லை.

கொஞ்ச நாள் கழிச்சு அந்தத் தும்பிப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். தும்பி ஷார்ப்பா இருக்கு. கீழே இடது மூலையில், ஃபோகஸ் இல்லாமல், மங்கலா ஒரு முறமும் ரெண்டு விரலும்.

என்கிட்ட இருக்கிறது அந்த ரெண்டு விரல்தான்.

அந்த லைட்டுக்கு ஒரு குறையும் இல்லை பாஸ். எனக்குத்தான் பார்க்கத் தெரியலை.

பாடம் 5: மனுஷங்க

அதனால்தான் எலுமிச்சம்பழத்தில் ஆரம்பிச்சேன். பழத்தில் கை பழகினால்தான், வீட்டில் இருக்கிறவங்க பக்கம் கேமரா திரும்பும்போது செட்டிங்ஸ் தேடிக்கிட்டு நிக்க மாட்டீங்க. அவங்க பொறுமையா உட்கார்ந்திருக்கப் போறதில்லை. அம்மாவுக்கு அடுப்பில் பால் இருக்கும்.

முகத்தில் ஆரம்பிக்காதீங்க. கேமராவைப் பார்த்ததும் நம்ம வீட்டுப் பெரியவங்க ஆதார் கார்டு முகத்தைப் போட்டுக்குவாங்க! கைகளில் ஆரம்பிங்க. வெங்காயம் நறுக்கற கை, கோலம் போடற கை, ஸ்க்ரூ டிரைவர் பிடிச்ச அப்பாவோட கை, மாத்திரை அட்டையைப் பிரிக்கற தாத்தாவோட கை. ரெண்டு மூணு நாளில் போன் அவங்களுக்குப் பழகிடும். நாலாவது நாள் அவங்க வேலையை அவங்க பார்ப்பாங்க. அப்ப முகம் தானா வரும்.

கேட்டுட்டு எடுங்க. எடுத்ததைக் காட்டுங்க. ‘வேண்டாம்’னு சொன்னால் அழிச்சிடுங்க. நைட்டியில் இருக்கிற அம்மாவைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடறது கலை இல்லை, அராஜகம்! ‘பழைய புடவையில இருக்கேன்டா, மாத்திட்டு வர்றேன்’னு சொன்னால், மாத்திட்டு வர்ற படம் ஒண்ணு எடுங்க. ‘இந்தப் புடவையிலயும் ஒண்ணு’ன்னு கெஞ்சி, அதையும் எடுங்க. பின்னாளில் எது உங்களுக்கு வேண்டியிருக்கும்னு இப்பச் சொல்ல முடியாது.

ஆந்த்ரே கெர்டெஸ்னு ஒரு மேதை. ஹங்கேரியில் பிறந்து, பாரிஸில் பேர் வாங்கி, நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1977-ல் அவர் மனைவி எலிசபெத் இறந்துபோனார். 80 வயதைத் தாண்டிய கெர்டெஸ், ஒரு போலராய்டு கேமராவை வெச்சுக்கிட்டு, தன் அபார்ட்மென்ட் ஜன்னலோரத்திலேயே படமெடுத்தார். ஒரு சின்னக் கண்ணாடிச் சிலை. அதன் கழுத்தும் தோளும் அவருக்கு எலிசபெத்தை ஞாபகப்படுத்தியதாம். அந்தச் சிலைக்குள் வானம் தெரிகிற மாதிரி, வெளிச்சம் நிறைகிற மாதிரி, விதவிதமாக எடுத்தார். 1981-ல் அவை ‘ஃப்ரம் மை விண்டோ’ என்ற புத்தகமாக வந்தன. எலிசபெத்துக்குத்தான் சமர்ப்பணம்.

அவருக்குச் சிலைதான் மிஞ்சியது. உங்க வீட்டு ஜன்னலோரத்தில் இப்ப ஆளே உட்கார்ந்திருக்கலாம். எட்டிப் பாருங்க.

இந்த வார ஹோம் ஒர்க்

ஏழு நாள். ஒரே ஜன்னல். முதல் நாள் எலுமிச்சம்பழம், ரெண்டாவது நாள் இட்லி, மூணாவது நாள் குழாய், நாலாவது நாள் காபி. அஞ்சாவது நாள் வீட்டில் யாராவது ஒருத்தரோட கை, ஆறாவது நாள் அதே ஆள் வேலை செய்யறப்ப. ஒரு நாளைக்கு எத்தனை வேணாலும் எடுங்க. ஆனா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது பிடிச்சிருக்குன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. ஹாஸ்டல்வாசிகளுக்கு இட்லிக்குப் பதில் மெஸ் உப்புமா ஓகே. அதை அழகா எடுத்துட்டீங்கன்னா நீங்க ஏற்கெனவே மேதை!

ஏழாவது நாள் படம் எடுக்க வேண்டாம். ஆறில் ஒண்ணைப் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. ஒரு டீ, பஜ்ஜி காசுதான் ஆகும். போன் தொலைஞ்சாலும், ஹார்ட் டிஸ்க் செத்தாலும், காகிதம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் எங்கேயாவது கிடக்கும். அதை அந்தக் கைக்குச் சொந்தக்காரர்கிட்டயே கொடுங்க.

“ஆமா, இதைப் போயி எதுக்குடா எடுத்த?”ன்னு கேட்பாங்க. ஆனா பத்திரமா எடுத்து வெச்சுக்குவாங்க.

யாராவது “என்னையும் ஒண்ணு புடியேன்”னு சொன்னால் மட்டும், லைட்டைப் பத்திப் பேசாதீங்க. முதல்ல எடுத்துடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!